ஒரு கருப்பொருளைக் கொண்டு மினியேச்சர் படையை அமைத்து வண்ணம் தீட்டுவது எப்படி

மேசைப் போர் விளையாட்டுக்காக ஒருவர் திரட்டும் படையில் மினியேச்சர் எனப்படும் ஐம்பது சிறு உருவங்கள் இருக்கலாம். கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நேர்த்தியாகத் தீட்டப்பட்டும் இருக்கலாம். ஆனாலும் மேசையில் அணிவகுத்து நிறுத்தும்போது அவை ஒரே படையாகத் தெரியாமல், வெவ்வேறு பெட்டிகளிலிருந்து எடுத்து வைத்த பொம்மைகளாகத் தெரிவதுண்டு. தூரிகைத் திறமை போதாததால் இப்படி நேர்வது குறைவு. அந்தப் படை எங்கிருந்து வருகிறது, எதற்காகப் போரிடுகிறது, எந்த மண்ணில் நிற்கிறது என்பவற்றைத் தீர்மானிக்காமலே வண்ணக் குப்பிகளைத் திறந்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். சுமாராகத் தீட்டப்பட்டிருந்தாலும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்த படை, பார்ப்பவரை நிறுத்திவைக்கும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆகவே இந்த வழிகாட்டி தூரிகையிலிருந்து தொடங்காமல் கருப்பொருளிலிருந்து தொடங்குகிறது.

கருப்பொருளை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

"கறுப்பும் சிவப்புமான படை" என்பது வண்ணத் தேர்வு மட்டுமே. அதைக் கருப்பொருள் என்று கொள்ள முடியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடிய வாக்கியமே கருப்பொருள் ஆகும். எடுத்துக்காட்டாக இப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம்: "வற்றிப்போன கடலின் உப்புப் படுகையில், அரசு அழிந்த பின்னும் எல்லைக் காவலைக் கைவிடாமல் நிற்கும் கடைசிக் காவற்படை." இந்த ஒரே வாக்கியம் எத்தனை கேள்விகளுக்கு விடை தருகிறது என்று பாருங்கள். வெயிலில் கிடந்த துணி வெளுத்திருக்கும். உப்புக் காற்று பட்ட இரும்பு துருப்பிடித்திருக்கும். புதிய ஆயுதங்களை அனுப்ப அரசு இல்லாததால் கேடயங்கள் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப்பட்டிருக்கும். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைத் தரையில் நடப்பவர்கள் முகத்தைத் துணியால் மூடியிருப்பார்கள். இடுப்பில் தண்ணீர்ப் பை தொங்கும். காவல் காப்பது அவர்களுடைய வேலை என்பதால், பாய்ந்து தாக்கும் தோற்றத்தைவிட ஊன்றி நிற்கும் தோற்றமே அவர்களுக்குப் பொருந்தும்.

அதே வாக்கியத்திலிருந்து இந்தப் படையில் எவை இருக்கக் கூடாது என்பதும் தெளிவாகிவிடும்: இலைப்பச்சை நிறம், பளபளக்கும் எஃகு, புதுக் கொடி, புல் முளைத்த தரை. இந்த விலக்குப் பட்டியலை எழுதி வைத்துக்கொள்வது மிகவும் பயன் தரும். ஏனெனில் படை கலைந்துபோவது பெரும்பாலும் நாம் ஆசைப்பட்டுப் பின்னால் சேர்க்கும் பொருள்களால்தான்.

வரலாற்றுப் படையை அமைப்பவர்களுக்கு இந்த வேலை வேறு வடிவில் வருகிறது. அவர்கள் கற்பனை செய்யத் தேவையில்லை. ஆனால் தேடிப் படிக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் காலாட்படையை எடுத்துக்கொண்டால், சாதாரண வீரரின் மேலங்கி மஞ்சிட்டி வகை வேரிலிருந்து எடுத்த மலிவான சாயத்தில் தோய்க்கப்பட்டது. அதிகாரியின் மேலங்கியோ கொச்சினீல் பூச்சியிலிருந்து கிடைத்த விலையுயர்ந்த சாயத்தால் பளிச்சென்ற செஞ்சிவப்பாக இருந்தது. இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டால், வீரர்களுக்குச் செங்கல் சாயல் கொண்ட மங்கிய சிவப்பையும் அதிகாரிக்குச் செறிந்த சிவப்பையும் தீட்டி, ஒரே நிறத்துக்குள்ளேயே படிநிலையைக் காட்டிவிடலாம். கற்பனைப் படைக்கும் இதே முறையைக் கடன் வாங்கலாம்: உங்கள் உலகத்தில் எந்தச் சாயம் மலிவு, எது அரிது என்று தீர்மானித்துவிட்டால், யாருடைய உடம்பில் எந்த நிறம் வரவேண்டும் என்ற கேள்வி தானாகவே தீர்ந்துவிடும்.

உருவங்களைத் தேர்ந்தெடுத்தல்

விளையாட்டின் விதிப்புத்தகத்தையும் கருப்பொருளையும் ஒரே நேரத்தில் பார்த்துப் படைப் பட்டியலைத் தயாரியுங்கள். களத்தில் வலுவானது என்பதற்காக மட்டும் கதைக்குப் பொருந்தாத ஓர் அணியைச் சேர்ப்பதைவிட, பொருந்தும்படி அதை மாற்றியமைக்க முடியுமா என்று யோசிப்பது நல்லது. உப்புப் படுகைப் படைக்குக் குதிரைப்படை கட்டாயம் வேண்டுமென்றால், குதிரைக்குப் பதிலாகத் தண்ணீரில்லாமல் நாள்கணக்கில் தாங்கக்கூடிய ஒட்டகத்தையோ பெரும் பல்லியையோ ஊர்தியாக்கலாம். ஆனால் உருவத்தை நிறுத்தும் அடித்தட்டின் அளவு விதிகளில் சொல்லப்பட்டபடி இருக்க வேண்டும். பல போட்டிகளில் உருவத்தின் கையில் தெரியும் ஆயுதமும் பட்டியலில் உள்ள ஆயுதமும் ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு; மாற்றம் செய்வதற்கு முன் இந்த இரண்டையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெவ்வேறு நிறுவனங்களின் உருவங்களைக் கலக்கும்போது அளவைக் கவனியுங்கள். 28 மி.மீ. என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், ஒரு நிறுவனத்தின் வீரர் மெலிந்து இயல்பான உடலமைப்போடும், மற்றொன்றின் வீரர் பெரிய தலையும் தடித்த கைகளுமாகவும் இருப்பார்கள். உயரத்தில் சிறு வேறுபாடு இருந்தால் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். தலையும் கையும் ஆயுதமும் வெவ்வேறு பருமனில் இருந்தால் பொறுத்துக்கொள்ளாது. வேறு வழியில்லையென்றால், ஒரே அணிக்குள் கலக்காமல் அணிக்கு ஒரு நிறுவனம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுதலும் மாற்றியமைத்தலும்

உறுப்புகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து அவற்றை வெட்டும்போது, முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, பிறகு ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக்கில் வெள்ளைத் தழும்பு விழாது. வார்க்கும்போது அச்சின் விளிம்பால் விழுந்த அச்சுக்கோடுகளைக் கத்தியின் முதுகுப்புறத்தால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் டிரை பிரஷ் செய்யும்போதும் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்க்கும்போதும்), வாஷ் என்னும் நீர்த்த நிழல் வண்ணத்தைப் பூசும்போதும் விடுபட்ட கோடு ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும் என்பதால் இதில் அவசரப்படக் கூடாது.

பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமென்ட்டே சிறந்தது. அது இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. ரெசின் என்னும் வார்ப்புப் பிசினுக்கும் உலோகத்துக்கும் அது உதவாது. அவற்றுக்கு சூப்பர் க்ளூ வேண்டும். சூப்பர் க்ளூ இறுகிய பின் முறியும் தன்மை உடையது என்பதால், கனமான கை, இறக்கை போன்ற உறுப்புகளை ஒட்டும்போது 1 மி.மீ. துளையிட்டு உள்ளே கம்பி வைத்து இணைப்பது பாதுகாப்பானது. ரெசின் உறுப்புகளின் மேல் அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்கான எண்ணெய்ப் படலம் இருக்கக்கூடும். அவற்றை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உலர்த்திய பிறகே வேலையைத் தொடங்குங்கள். வளைந்துபோன ரெசின் வாளை வெந்நீரில் சில நொடிகள் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் நனைத்தால் நேராக நிற்கும். ரெசினை அரத்தால் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து, நீரில் நனைத்துத் தேய்ப்பதே முறை.

உருவத்தின் அடையாளத்தை மிகக் குறைந்த உழைப்பில் மாற்றுவது தலைதான். வேறொரு பெட்டியிலிருந்து எடுத்த, துணியால் முகம் மூடிய தலைகளை அணி முழுவதற்கும் பொருத்தினால், அந்த வீரர்கள் முதலில் எந்தப் படைக்காகச் செய்யப்பட்டவர்கள் என்பதே மறந்துபோகும். அதற்கடுத்து, படை முழுவதிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்னத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் காவற்படைக்கு இடுப்பில் தொங்கும் தண்ணீர்ப் பையே போதும். கிரீன் ஸ்டஃப் என்னும், பிசைந்து உருவம் செய்யும் இருபகுதிப் புட்டியின் (putty) நீலத்தையும் மஞ்சளையும் சம அளவில் பிசைந்து, மிளகளவு உருட்டி, சற்றுத் தட்டி, மேற்புறத்தைக் கிள்ளிக் கழுத்தாக்கினால் ஒரு பை கிடைக்கும். கருவியையும் விரலையும் ஈரமாக வைத்துக்கொண்டால் புட்டி ஒட்டாது. பிசைந்த பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரை அது வளைந்துகொடுக்கும். முழுவதும் இறுக ஒரு நாள் விட்டுவிடுங்கள். எல்லா உருவங்களுக்கும் இதைச் செய்யத் தேவையில்லை. மூன்றில் ஒருவரிடம் இருந்தாலே, எல்லாரிடமும் இருப்பதாகக் கண் நம்பிவிடும்.

நிற்கும் தோற்றத்திலும் கருத்தைச் செலுத்துங்கள். பெரும்பாலான பெட்டிகள் ஓடும் கால்களையும் உயர்த்திய வாள்களையும் தருகின்றன. அவற்றிலிருந்து நிலையாக ஊன்றிய கால்களைத் தேர்ந்தெடுத்து, தலைகளை ஏறக்குறைய ஒரே திசையில் திருப்பி ஒட்டினால், அந்த அணி ஒரே எதிரியைப் பார்த்துக் காத்திருப்பதாகத் தோன்றும். வண்ணம் ஒரு துளிகூடப் படாத நிலையிலேயே படைக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது.

வண்ணத் திட்டம்

ஒரு படைக்கு ஒரு முதன்மை நிறம், அதற்குத் துணையாக ஒன்று, எடுப்பாகத் தெரிய ஒன்று என மூன்று போதும். தோல், மரம், உலோகம் ஆகியவை இவற்றின் கூடவே வரும் என்பதால் நான்காவது நிறத்தைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. முதன்மை நிறம் உருவத்தின் பாதிக்கு மேல் பரவியிருக்கட்டும். எடுப்பு நிறமோ பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நம் எடுத்துக்காட்டில் வெளுத்த மஞ்சள் கலந்த வெள்ளைத் துணி முதன்மை நிறம். துருவின் செம்பழுப்பு துணை நிறம். எடுப்புக்கு ஆழ்ந்த நீலப்பச்சை. வற்றிப்போன கடலின் நிறத்தை இந்த வீரர்கள் தங்கள் கேடயச் சின்னத்தில் மட்டும் காத்து வைத்திருக்கிறார்கள் என்று கொண்டால், அந்த நீலப்பச்சைக்கு ஒரு காரணமும் கிடைக்கிறது. வண்ணச் சக்கரத்தில் செம்பழுப்புக்கு எதிரே இருப்பது நீலச் சாயல் என்பதால் கண்ணுக்கும் அது இசைகிறது. இந்த எடுப்பு நிறத்தைக் காலணியிலோ முதுகுப் பையிலோ வீணாக்காதீர்கள். எங்கே பார்வை விழ வேண்டுமோ அங்கே மட்டும், அதாவது கேடயத்திலும் தலையைச் சுற்றியும் கொடியிலும் மட்டும், அது தோன்றட்டும்.

விளையாடும்போது உருவங்களை நாம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கிறோம். அந்தத் தொலைவில் நுணுக்கங்கள் மறைந்து, ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே எஞ்சும். கட்டை விரலளவு உருவத்தின் மீது விழும் அறை வெளிச்சம் தானாகப் போதிய நிழலை உண்டாக்குவதில்லை. ஆதலால் நிழலை நாம்தான் மிகைப்படுத்தித் தீட்ட வேண்டும். கையில் வைத்துப் பார்க்கும்போது "கொஞ்சம் அதிகமோ" என்று தோன்றும் வேறுபாடு, மேசையில் வைத்தால் சரியாக இருக்கும்.

திட்டத்தை முடிவுசெய்யும் முன் ஓர் உருவத்தை அடித்தட்டு உட்பட முழுவதுமாக முடித்து, சில நாள்கள் கண்ணில் படும் இடத்தில் வைத்துப் பாருங்கள். திருப்தியாக இருந்தால், பயன்படுத்திய வண்ணங்களின் பெயர், பூசிய வரிசை, கலவை விகிதம் ஆகிய அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். மாதங்கள் கழித்து அடுத்த அணியைச் சேர்க்கும்போது அந்த நோட்டுதான் இரண்டு அணிகளையும் ஒரே படையாக வைத்திருக்கும். இதே காரணத்துக்காக, முதன்மை நிறத்தைக் கலவையாக உருவாக்காமல் குப்பியிலிருந்து நேரடியாக எடுப்பது நலம். கலந்த நிறத்தை இரண்டாம் முறை அப்படியே கொண்டுவருவது கடினம்.

பிரைமரும் வண்ணப் பூச்சும்

பிரைமர் என்னும் அடிப்பூச்சு இல்லாமல் அக்ரிலிக் வண்ணம் நிலைத்து நிற்காது. ஸ்ப்ரே பிரைமரை 20 முதல் 30 செ.மீ. தொலைவிலிருந்து சிறு சிறு வீச்சுகளாக அடியுங்கள். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் பரப்பு சொரசொரப்பாகும். அத்தகைய நாள்களில் தூரிகையால் பூசும் பிரைமரை எடுத்துக்கொள்ளலாம். முதலில் முழுவதும் கறுப்பு அடித்து, பிறகு மேலிருந்து மட்டும் வெள்ளை அடித்தால், சூரியன் உச்சியில் நிற்கும்போது விழும் ஒளியும் நிழலும் தாமாகவே வந்துவிடும். கொளுத்தும் வெயிலில் நிற்கும் படைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. இதன் மேல், பள்ளத்தில் கருமையாகவும் மேட்டில் வெளிர்ந்தும் படியும் ஒளி ஊடுருவும் வண்ணங்களைப் பூசினால், ஒரே பூச்சில் பாதி வேலை முடிந்துவிடும். மினியேச்சர் விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் வொர்க்ஷாப் 2019இல் கான்ட்ராஸ்ட் என்ற பெயரில் இத்தகைய வண்ணங்களை வெளியிட்டது. இன்று வேறு பல நிறுவனங்களும் இவற்றைத் தயாரிக்கின்றன. பெரிய, வழவழப்பான தகடுகளில் இவை திட்டுத் திட்டாக நிற்கும். துணி, தோல், முடி போன்ற சொரசொரப்பான பரப்புகளிலேயே இவை சிறக்கும்.

ஐந்து முதல் பத்து உருவங்களை ஒரு தொகுதியாக எடுத்து, எல்லாவற்றின் துணியையும் முடித்த பிறகே அடுத்த நிறத்துக்குச் செல்லுங்கள். அதற்கு மேல் எடுத்தால் முடிவே தெரியாமல் கை சோர்ந்துவிடும். தலைவரின் உருவத்தை முதலில் தீட்டாதீர்கள். சாதாரண வீரர்களைத் தீட்டத் தீட்டக் கை பழகும் என்பதால், படையின் பாதியைக் கடந்த பின் தலைவரிடம் வந்தால் அவர் இயல்பாகவே மற்றவர்களைவிடச் சிறந்து விளங்குவார்.

வெளுத்த மேலங்கி ஒன்றைத் தீட்டும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தூய வெள்ளையிலிருந்து தொடங்கக் கூடாது. தொடங்கினால் அதற்கு மேல் ஒளியைக் காட்ட இடமிருக்காது. மங்கிய காக்கியை நீர் சேர்த்து மெல்லிய இரண்டு பூச்சுகளாகப் பூசி உலர விடுங்கள். பிறகு பழுப்பு வாஷை அங்கி முழுவதும் கொட்டாமல், மடிப்புகளின் உள்ளே மட்டும் தூரிகை நுனியால் வழிய விடுங்கள். மடிப்பின் முகட்டில் தேங்கினால் ஈரத் தூரிகையால் உறிஞ்சிவிடுங்கள். அது நன்றாகக் காய்ந்த பின் தந்த நிறத்தை எடுத்து, மடிப்பின் முகடுகளிலும் தோளிலும் கீழிருந்து மேலாகக் கோடிழுங்கள். தூரிகையை எந்த இடத்தில் எடுக்கிறீர்களோ அங்குதான் நிறம் மிகுதியாகத் தேங்கும் என்பதால், வெளிச்சம் வேண்டிய இடத்தில் கோடு முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகத் தோளின் விளிம்பிலும் முகத்திரையின் நுனியிலும் மட்டும் தூய வெள்ளையைத் தொட்டு வையுங்கள். அங்கியின் கீழ் விளிம்பில், சிறு பஞ்சுத் துண்டை வெளிர் வெள்ளையில் தோய்த்து, பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு மெல்ல ஒற்றினால், உப்பு படிந்து இறுகிய துணி கண்முன் நிற்கும். அதே பஞ்சைச் செம்பழுப்பில் தோய்த்துக் கவசத்தின் ஓரங்களில் ஒற்றினால் துரு. கருவி ஒன்றாக இருப்பதால் இரண்டு சிதைவுகளும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையாகத் தெரியும்.

தூரிகையைப் பொறுத்தவரை, நுனி கூராக நிற்கும் இரண்டாம் எண் தூரிகை ஒன்றே பெரும்பாலான வேலைக்குப் போதும். மிகச் சிறிய தூரிகையில் வண்ணம் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடுகிறது. வண்ணத்தை உலோகப் பிடிவரை ஏற விடாதீர்கள். உலோக நிறங்களுக்குத் தனி நீர்க்கிண்ணம் வையுங்கள். இல்லையெனில் அதன் மினுமினுப்பு மற்ற நிறங்களிலும் கலந்துவிடும்.

அடித்தட்டுகள்

படையை ஒன்றாக இணைப்பதில் உடையைவிட அடித்தட்டுக்கே பங்கு அதிகம் என்பது என் உறுதியான கருத்து. வெவ்வேறு நிறங்களில் தீட்டிய அணிகள்கூட ஒரே மண்ணில் நின்றால் ஒன்றுபட்டுவிடுகின்றன. உப்புப் படுகைக்கு, காயும்போது வெடிக்கும் கிராக்கிள் பூச்சைத் தடவுங்கள். கனமாகத் தடவினால் பெரிய பாளங்களாகவும் மெலிதாகத் தடவினால் நுண்ணிய வெடிப்புகளாகவும் பிளக்கும். ஒரே அடித்தட்டில் இரண்டும் கலந்திருப்பது இயற்கையாகத் தோன்றும். நன்றாக உலர்ந்த பின் வெடிப்புகளுக்குள் பழுப்பு வாஷ் இறங்கட்டும். மேற்பரப்பைத் தந்த நிறத்தாலும் பின்பு வெள்ளையாலும் டிரை பிரஷ் செய்யுங்கள். உண்மையான உப்பை ஒட்டிவைக்கும் எண்ணம் வேண்டாம். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கரையும். சமையல் சோடாவும் நாளடைவில் மஞ்சளித்துவிடக்கூடும். வெள்ளைத் தரையில் வெள்ளைத் துணி கரைந்துவிடாமலிருக்க, காலணியையும் அங்கியின் கீழ்ப் பகுதியையும் கருமையான நிழலில் வையுங்கள். அடித்தட்டின் விளிம்பை எல்லா உருவங்களுக்கும் ஒரே கரும்பழுப்பில் தீட்டுங்கள்.

ஐந்து அடித்தட்டுகளுக்கு ஒன்றில் மட்டும் கதைக்குரிய பொருள் ஒன்றைச் சேர்க்கலாம்: பாதி புதைந்த படகின் விலா எலும்பு போன்ற மரச்சட்டங்கள், ஒரு நங்கூரம், சிப்பிகள். எல்லாவற்றிலும் சேர்த்தால் களம் நெரிசலாகிவிடும்.

வார்னிஷும் பாதுகாப்பும்

விளையாடும் படைக்கு வார்னிஷ் அவசியம். பளபளப்பில்லாத மேட் வார்னிஷை ஸ்ப்ரேயாக அடிக்கும்போதும் ஈரப்பதமான நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். இல்லையென்றால் வெண்படலம் படிந்து நிறங்கள் மங்கிவிடும். முதலில் தேவையற்ற ஓர் உருவத்தில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்லுங்கள். நிறமித் தூள் பயன்படுத்தியிருந்தால், வார்னிஷ் அதன் வெளிர்மையைக் கணிசமாகக் குறைக்கும். ஆகவே அடித்தட்டின் தூளை வார்னிஷுக்குப் பிறகு தூவி, அதற்குரிய திரவத்தைத் துளியாக விட்டு நிலைநிறுத்துங்கள். எல்லாம் காய்ந்த பின், தண்ணீர்ப் பையின் வாய், கண்கள் ஆகியவற்றில் மட்டும் பளபளப்பான வார்னிஷைத் தொட்டு வைத்தால், வறண்ட அந்தப் பரப்பில் அவை மட்டும் உயிரோடு மின்னும்.

அடித்தட்டின் அடியில் நியோடிமியம் காந்தத்தை ஒட்டி, இரும்புத் தகடு பதித்த பெட்டியில் நிறுத்தி எடுத்துச் சென்றால் உருவங்கள் ஒன்றோடொன்று உரசாது. பிரிக்கக்கூடிய கைகளுக்கும் காந்தம் வைப்பதானால், ஒட்டும் முன் எல்லாக் காந்தங்களின் ஒரே முகத்தில் மையால் குறியிட்டுக்கொள்ளுங்கள். துருவம் மாறி ஒட்டிய கை தோளில் ஏறாமல் விலகிப் போகும். பயணத்தில் வண்ணம் பெயர்வது பெரும்பாலும் வாள் நுனியிலும் கேடய விளிம்பிலும்தான். அந்த இடங்களில் மட்டும் வார்னிஷை இரண்டாம் முறையும் தூரிகையால் பூசிவிடுங்கள்.